மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

மெக்கானிக்கின் மனைவி, தான் தைத்த முகக்கவசம் ஒன்றை எடுத்துக் கைபேசியின் கேமராவுக்கு மாட்டிவிட்டாள்.

"வாயைத்தானே மூடச் சொன்னாங்க, கேமராவ ஏன் மூடற?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டார் மெக்கானிக்.

"பேச்சு அங்கேர்ந்துதானே வருது" என்றாள் அவள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டில் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு ஊரடங்கில் என்ன வேலை இருக்கும்? அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. லிஃப்டுகள் தரைத்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கின. கம்பெனி முதலில் பாதிச் சம்பளம் என்றது, அப்புறம் பார்க்கலாம் என்றது, அதற்கப்புறம் ஃபோனையே எடுப்பதில்லை. ஆகவே காலையில் பல் தேய்த்த கையோடு வீட்டுக்கு வீடியோவில் கூப்பிடுவார். அங்கே மகள் கைபேசியைச் சன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவாள். சார்ஜ் தீரும்வரை இவர் அந்தத் திட்டில்தான் குடித்தனம்.

குடித்தனம் பண்ணுகிறவர் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அடுப்பு பெரிதாக எரிகிறது என்பார். குழாய் சொட்டுகிறது என்பார். வாசலில் செருப்புச் சத்தம், யாரென்று பார் என்பார். தையல் மெஷின் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். உண்மையாகவே தளர்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் தன் வீட்டை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை. லீவில் போகும்போதெல்லாம் வீடு அவருக்காக வேஷம் கட்டிக்கொள்ளும். புதுத் துண்டு, துவைத்த திரை, ஒழுங்காகப் படிக்கிற மகள், குரல் உயர்த்தாத மனைவி. ஒரு மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு, நம்முடையது எவ்வளவு அமைதியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறுவார். இப்போது சன்னல் திட்டிலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, அம்மாவும் மகளும் ஒரு சீப்புக்காகச் சட்டசபை நடத்துகிறார்கள். மனைவி சிரித்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். அந்தச் சிரிப்பு அவருக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. லீவில் ஒருதடவைகூட அதைக் கேட்டதில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

இன்னொரு விஷயமும் அந்தத் திட்டிலிருந்து தெரிந்தது. பெரிய அறையில் அவர் படுக்கிற கட்டிலைக் காணோம். கழற்றிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் மூன்று தையல் மெஷின்கள். மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து காலையிலிருந்து முகக்கவசம் தைத்தார்கள். அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் இப்போது கடைகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புகிறாள். இவர் சம்பளம் நின்ற நாளிலிருந்து வீடு ஓடுவது அதில்தான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமைப்படுகிறவருக்குப் படுக்க இடமில்லை.

இந்த நிலைமையில்தான் தூதரகத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

சிறப்பு விமானம் ஒன்று வருகிறது, உங்கள் பெயர் வந்திருக்கிறது, போகிறீர்களா என்றார். மெக்கானிக் யோசித்துச் சொல்லட்டுமா என்றார்.

"சாயங்காலம் திரும்பக் கூப்பிடுவேன். ஒரே வார்த்தையில பதில் சொல்லணும். எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவேன். அடுத்த பேரும் இதே நம்பர்லதான் இருக்கு" என்றார் அந்த அம்மா.

அந்த அடுத்த பெயர், அறைத்தோழர் பேக்கரிக்காரருடையது. பேக்கரிக்காரரின் கைபேசி மாவு பிசைகிற இயந்திரத்துக்குள் விழுந்து மாவோடு மாவாகிவிட்டதால், இருவரும் ஒரே நம்பரைக் கொடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது. ஊரடங்கிலும் ரொட்டி வேண்டுமே, அதனால் அவருக்கு மட்டும் வேலை இருந்தது. அவர் இங்கே வந்தபிறகு அங்கே பிறந்த பிள்ளை இப்போது பேச ஆரம்பித்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அப்பா என்றால் கைபேசி. யார் கையில் எந்தக் கைபேசி அடித்தாலும் "அப்பா" என்று ஓடிப்போய் முத்தம் கொடுப்பானாம். இதைப் பேக்கரிக்காரர் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

மெக்கானிக் உடனே வீட்டுக்குக் கூப்பிட்டார். மனைவி கேமராவிலிருந்து கவசத்தைக் கழற்றினாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"வெயிலா அங்க?"

"லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட பேசற மாதிரி பேசாதீங்க. விஷயத்தைச் சொல்லுங்க."

பிடித்துவிட்டாள். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் இருப்பவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. என்ன ஆச்சு, எப்போது சரியாகும் என்பதையெல்லாம் தொடக்கூடாது. சாப்பாடு, வெயில், பிள்ளைகள் படிப்பு என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கைவேலையைப் பார்க்கவேண்டும். பயம் தானாக இறங்கிவிடும். மெக்கானிக் கல்யாணமான நாள் முதல் மனைவியிடமும் இதே முறையைத்தான் கடைப்பிடித்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னார். அங்கே மெஷின்கள் ஓடுவது நின்றது.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"நான் என்ன சொல்றது. உங்க இஷ்டம்."

"உனக்கு எப்படியோ அப்படி."

"நீங்கதானே வரணும். நீங்கதான் சொல்லணும்."

வெளியாள் கேட்டால், என்ன ஒரு மரியாதையான தம்பதி என்று நினைப்பார். உண்மை அதுவல்ல. இந்த வீட்டில் எந்த முடிவையும் முதலில் வாய்விட்டுச் சொல்கிறவர் தலையில்தான் பின்னால் பழி விழும். ஒருதரம் பெரிய பீரோ வாங்கலாம் என்று அவர் சொல்லித் தொலைத்தார். பீரோ வாசலுக்குள் நுழையவில்லை. சன்னலைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோனார்கள். இன்றைக்கும் வீட்டில் எது தொலைந்தாலும், மழை ஒழுகினாலும், பேச்சு சுற்றிக்கொண்டு அந்த பீரோவில் வந்து நிற்கும். ஒருதரம் அவள் மகளைத் தூரத்துப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சொல்லி, அவளுக்கும் அதே கதி. அதிலிருந்து இருவரும் உஷாராகிவிட்டார்கள். வீட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் என்பதைக்கூட வர்ணம் அடிக்க வந்தவர்தான் முடிவு செய்தார்.

ஆனால் இது வர்ணமில்லையே. வந்தால் அவர் ஓர் அறையில் தனியாக அடைந்து கிடக்கவேண்டும். இருப்பதே இரண்டு அறை. தையல் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருக்கிற வீட்டுக்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் கால் வைக்கமாட்டார்கள். வருமானம் போகும். இங்கே வேலையும் போகும். விமானத்தில் வியாதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது? எல்லாக் கணக்கும் 'வராதே' என்றுதான் சொல்லிற்று. மெக்கானிக்குக்கு வேண்டியது கணக்கில்லை. அவள் வாயால் 'வாங்க' என்று ஒரு வார்த்தை. அது மட்டும் வந்தால் இறக்கையில் தொங்கிக்கொண்டாவது போய்விடுவார். அது வராவிட்டால், அந்த வீட்டுக்கு அவர் எப்போதும் விருந்தாளிதான் என்று அர்த்தம். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

வேலையிலிருந்து திரும்பிய பேக்கரிக்காரரிடம் யோசனை கேட்டார். கேட்டிருக்கக்கூடாது.

"மாப்ளே, இதுல நான் ஒரு பக்கம் பேசக்கூடாது. நீ போகலைன்னா நான் போறேன். அதனால நடுநிலையாத்தான் சொல்வேன். போ."

"சரி, போறேன்."

"அவசரப்படாதே. நாலு மணி நேரம் மூக்கை மூடிக்கிட்டு உக்காரணும். பக்கத்துல ஒருத்தன் இருமுவான். நீ வேற பயந்தவன்."

"அப்போ போகலை."

"பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு இங்க எதுக்குய்யா கிடக்கற? எந்த லிஃப்ட் உன்னை நம்பி இருக்கு?"

இப்படியே நடுநிலை தவறாமல் ஒரு பாத்திரம் தேநீர் தீரும்வரை பேசினார். மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு அருமையான வழி தோன்றிற்று. தியாகம். தானாக முடிவு செய்யத் தைரியம் இல்லாதவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

"மச்சான், நீயே போ. குழந்தை காத்துக்கிட்டிருக்கான். நான் விட்டுக்கொடுக்கறேன்."

பேக்கரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு காலம்பூரா சொல்லிக் காட்டுவே. உனக்குப் போக வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் துள்ளிக்கிட்டு ஓடறேன். பயந்துக்கிட்டு என் தலையில கட்டாதே."

மெக்கானிக் விடவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு, பேக்கரி மச்சானே போகட்டும் என்று பார்க்கிறேன், அவர் பெயர்தான் அடுத்தது, பாவம் சின்னக் குழந்தை என்றார். இப்போதாவது அவள் பதறுவாள் என்று எதிர்பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள். கேமராவுக்கு மறுபடி கவசம் மாட்டப்பட்டது.

சாயங்காலம் நெருங்கியதும், மேசைமேல் இருந்த கைபேசியை மெக்கானிக் துண்டைப் போட்டு மூடினார். பேக்கரிக்காரர் கீழே வாசலுக்கு வந்திருக்கும் காய்கறிப் பையை எடுத்துவரக் கிளம்பினார். மெக்கானிக் ஓடிப்போய் அவர் சட்டைப்பையில் கைபேசியைத் திணித்தார்.

"நீயே வச்சுக்க. அந்தம்மா கூப்பிட்டா எடு."

"எடுத்து என்ன சொல்ல?"

"நான் குளிக்கறேன்னு சொல்லு."

"ஒரு நாட்டோட தூதரகமே ஃபோன் பண்ணுது, நீ குளிக்கறேன்னு சொல்லச் சொல்றே" என்று பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டே லிஃப்டில் இறங்கிப் போனார்.

திரும்பி ஏறும்போதுதான் அது நடந்தது. முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் கட்டடம் முழுக்க, "மாப்ளே!"

மெக்கானிக் தாங்கள் குடியிருந்த நான்காம் மாடியின் லிஃப்ட் கதவருகே ஓடினார். அந்தக் கதவின் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பூட்டு பொருந்தாவிட்டால் லிஃப்ட் நகராது. இப்போது அது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

"மச்சான், சாப்பிட்டியா?" என்று கதவில் வாயை வைத்துக் கேட்டார், பழக்கதோஷத்தில்.

"யோவ், உன் வித்தையை எங்கிட்டயே காட்டாதே! வெளிய எடு!"

"ஃபோன் பத்திரமா?"

"நான் பத்திரமான்னு கேளுய்யா முதல்ல!"

பத்திரம்தான். ஆனால் நடுவில் நிற்கிற லிஃப்டிலிருந்து ஆளை அப்படியே இழுத்து வெளியே எடுக்கக்கூடாது, இடைவெளியில் கால் போய்விடும். மேலே மொட்டைமாடியில் உள்ள இயந்திர அறைக்குப் போய், மின்சாரத்தை அணைத்து, ஒரு கையால் பிரேக் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றவேண்டும். சுற்றச் சுற்ற லிஃப்ட் விரற்கடை விரற்கடையாக ஏறும். தளத்துக்குச் சமமாக வந்தபிறகுதான் கதவைத் திறக்கலாம். மெக்கானிக் படியேறி ஓடினார்.

இயந்திர அறையின் தரையில், கம்பிவடங்கள் இறங்குவதற்காக விட்ட துளைகள் உண்டு. அதன் வழியாகக் கீழிருந்து பேச்சு நன்றாக ஏறிவரும். ஆனால் சக்கரம் சுற்றும்போது அது போடுகிற முனகலில் ஒன்றும் கேட்காது. சுற்றினால் கேட்க முடியாது, கேட்டால் சுற்ற முடியாது. மெக்கானிக் நாலு சுற்றுச் சுற்றியிருப்பார், கீழே கைபேசி அடித்தது. அவர் கை நின்றது.

"யாரு? அந்தம்மாவா?"

"உன் வீட்டம்மாய்யா!" என்று துளை வழியாகக் குரல் வந்தது. பிறகு அதே குரல் தாழ்ந்து மரியாதையாயிற்று. "வணக்கம்மா... இல்லம்மா, அவன் இல்ல. நான் லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்... ஆமா, ரிப்பேர் பண்றவர் குடியிருக்கிற கட்டடத்துலதான்... அவன் மேல சக்கரம் சுத்தறான். நீங்க சொல்லுங்க, நான் கத்திச் சொல்லிடறேன்."

"என்ன சொல்றா?"

"இரு... அவர் காதுல விழுதான்னு கேக்கறாங்க. விழலைன்னாதான் சொல்வாங்களாம்!"

"விழலைன்னு சொல்லு!"

"விழலைன்னு சொல்லச் சொல்றான்மா!"

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டார். கீழே கொஞ்ச நேரம் 'ம்', 'ம்' என்று மட்டும் கேட்டது. சிக்னல் வந்து வந்து போயிற்று போலும், "என்னம்மா, திரும்பச் சொல்லுங்க" என்று இரண்டுதரம் கெஞ்சினார் பேக்கரிக்காரர். அப்புறம் மேலே பார்த்துக் கத்தினார்.

"பயமா இருக்காம் மாப்ளே! வாங்கன்னு கூப்பிட்டு, வழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் கூப்பிட்டுத்தானேன்னு ஆயிடுமாம். வராதீங்கன்னு சொல்லி, அங்கயே ஏதாவது ஆச்சுன்னா, நான் தடுத்துத்தானேன்னு ஆயிடுமாம். அதான் உங்க இஷ்டம்னாங்களாம்!"

"அப்புறம்?"

மெக்கானிக் துளைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

"அப்புறம் என்ன மச்சான்? சொல்லு!"

"அழறாங்கய்யா. அழறத எப்படிக் கத்திச் சொல்றது?"

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அழுது அவர் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் வழியனுப்பும்போது சிரித்த முகமாகத்தான் நிற்பாள். அவர் விமானம் ஏறியபின் என்ன செய்வாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். அப்படியும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தையல் மெஷினெல்லாம் எங்க போகும்னு கேளு!"

"இந்த மனுஷன் மெஷின் எங்க போகும்னு கேக்கறான்மா... ம்... ம்..." கீழிருந்து குரல் உற்சாகமாக ஏறிவந்தது. "நேத்தே பேசி முடிச்சாச்சாம்! ஆளுக்கொரு மெஷினை அவங்கவங்க வீட்டுக்கே அனுப்பறாங்களாம். ஒண்ணு மட்டும் சமையக்கட்டுல போட்டு இவங்க ஓட்டிக்குவாங்களாம். துணியை வெட்டி வாசல்ல வச்சா வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்களாம். கட்டிலை மதியமே திரும்பப் பூட்டியாச்சாம்!"

"நேத்தா? எனக்கே இன்னிக்குக் காலையிலதானே ஃபோன் வந்துச்சு?"

"உன் பேரு என்னிக்கு வந்தாலும் இருக்கட்டும்னு பேசி வச்சாங்களாம்!"

"அதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"ஏம்மா சொல்லலைங்கறான்... சன்னல்ல உக்காந்து அத்தனையும் பாக்கறாரே, இதுகூடவா தெரியலைன்னு கேக்கறாங்க!"

கேமராவுக்குக் கவசம் மாட்டினால் எப்படித் தெரியும் என்று கத்த வாயெடுத்தார் மெக்கானிக். நல்லவேளை, கத்தவில்லை. அதற்குள் பேக்கரிக்காரர் மறுபடி பேசினார். இந்தத் தடவை கத்தவில்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"மாப்ளே, இன்னொண்ணு சொல்றாங்க. இத்தனை வருஷமா தனியாவே பயந்து பயந்து அலுத்துப்போச்சாம். நீ வந்துட்டா சேர்ந்து பயப்படலாங்கறாங்க."

மெக்கானிக்குக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார். துளைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரியாதவர்களும் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும்படியாகக் கத்தினார்.

"வரேன்னு சொல்லு! நான் வரேன்!"

கத்திவிட்டுக் காதைத் துளைக்குத் திருப்பினார்.

"சொல்லிட்டியா மச்சான்?"

"சொல்லிட்டேன். இரு, வேற ஒரு ஃபோன் வருது... தூதரகத்து அம்மா."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. இருட்டுப் பெட்டிக்குள் ஒரு மனிதர், கையில் கைபேசி, அதில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே நம்பர். 'அவர் வரலைங்க, அடுத்த பேரு நான்தான்' என்று சொன்னால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. சிக்னல் இல்லை, லைன் துண்டாகிவிட்டது என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். மெக்கானிக்கே அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தார். யோசித்த மாத்திரத்தில் கூசிப்போய் நிறுத்திக்கொண்டார். எழுந்து பிரேக்கை இழுத்தார், சக்கரத்தைப் பிடித்தார், ஆனால் சுற்றவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுத் துளையில் காதை வைத்தார்.

"...ஆமாம்மா. அவரு வராரு. நிச்சயமா வராரு" என்று பேக்கரிக்காரரின் குரல் மெலிதாகக் கேட்டது. "பக்கத்துலதாம்மா இருக்காரு, வேலையா இருக்காரு... எனக்கா? இல்லம்மா, பரவால்ல. நான் அடுத்த தடவை பாத்துக்கறேன்."

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றினார். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. லிஃப்ட் சமமானதும் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, நான்காம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். பேக்கரிக்காரர் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வேர்த்து ஊற்றியிருந்தது. மெக்கானிக்கின் கறுப்பு முகத்தைப் பார்த்துவிட்டு, "இதோடயா விமானத்துல ஏறப்போற?" என்றார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. "வரலைன்னு சொல்லியிருக்கலாமே மச்சான். எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"சொல்ல வாயெடுத்தேன். பொய் என்ன, வாயெடுத்தேன்தான்" என்றார் பேக்கரிக்காரர். பையிலிருந்து உருண்ட தக்காளி ஒன்றை எடுத்து உள்ளே போட்டார். "பாவி, உன் பொண்டாட்டி பேச்சுக்குப் பேச்சு அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுடுச்சு. அழும்போதுகூட அண்ணேன்னுதான் அழுதுச்சு. அதுக்கப்புறம் எப்படிய்யா?"

"நான் வேணும்னா அந்தம்மாகிட்ட பேசி..."

"பேசாதே. அங்க அழுது முடிச்சிருக்காங்க. மறுபடி ஆரம்பிக்க வைக்காதே."

கைபேசி அடித்தது. மனைவிதான். மெக்கானிக் பேக்கரிக்காரரின் கையிலிருந்து வாங்கினார், காதில் வைத்தார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணன் வெளிய வந்துட்டாரா?" என்றாள் அவள்.

"வந்துட்டார்."

"அவர்கிட்ட கொடுங்க."

கொடுத்தார். பேக்கரிக்காரர் எழுந்து நின்று பேசினார். "வேணாம்மா... அதெல்லாம் நானே சொல்லிக்குவேன்... இல்லம்மா, அவ புரிஞ்சுக்குவா... அப்படியா... சரிம்மா." கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய முதுகு குலுங்கியது. மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் காய்கறிப் பையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான்? என்ன சொல்றா?"

"என் வீட்டு நம்பரைக் கேக்குது" என்றார் பேக்கரிக்காரர். "உங்க வீட்டுக்காரர் வரவேண்டிய எடத்துல எங்க வீட்டுக்காரர் வராருன்னு அண்ணிகிட்ட நான்தான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாதுங்குது."

காலையிலிருந்து தன் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லமுடியாமல் தவித்தவள் அவள். பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் வீட்டு நம்பரை ஒவ்வோர் எண்ணாகத் தங்கச்சிக்குச் சொல்ல ஆரம்பித்தார்.